தபான் மரத்திலிருந்து தமனி வரை: ஈசிஜி வந்த வழி

நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது என்று யாராவது சொன்னால், கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் வீடுகளில் எழும் முதல் கேள்வி "ஈசிஜி எடுத்தாச்சா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "அடைப்பு எவ்வளவாம்?" பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கிளினிக்கில் எடுத்தாலும், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் எடுத்தாலும், அந்தக் கட்டம் போட்ட தாளின் கணக்கு ஒன்றே. குறுக்காக 25 மில்லிமீட்டர் என்றால் ஒரு விநாடி. உயரத்தில் 10 மில்லிமீட்டர் என்றால் ஒரு மில்லிவோல்ட். முதல் கேள்விக்கு இன்று ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடுகிறது. இரண்டாம் கேள்விக்குப் பதில் சொல்ல அந்தத் தாள் கற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டு ஆயிற்று. தவளைகள், தந்திக் கம்பிகள், ஒரு லண்டன் நாய், ஜாவாவில் பிறந்த ஒரு டச்சு மருத்துவர், பெங்களூரின் பேருந்துச் சீட்டு இயந்திரம் என்று அது வந்த வழி நீளமானது. அந்த வழியின் தொடக்கத்திலேயே மலாயாக் காட்டு மரம் ஒன்றும் நிற்கிறது.

முதலில் தவளை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் போலோன்யா நகரில் லூயிஜி கால்வானி, செத்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டார். 1842இல் அதே இத்தாலியில் கார்லோ மத்தேயுச்சி, இதயத்தின் ஒவ்வொரு துடிப்போடும் ஒரு மின்னோட்டம் எழுகிறது என்று காட்டினார். 1856இல் ஜெர்மனியில் கோலிக்கரும் முல்லரும் தவளைக் காலின் நரம்பைத் துடிக்கும் இதயத்தின்மேல் கிடத்தினார்கள். இதயம் துடிக்கும்போதெல்லாம் காலும் துடித்தது. இதயத்தில் மின்சாரம் இருப்பது உறுதியாயிற்று. ஆனால் அது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருந்தது. அதை அளக்கும் கருவி எந்த மருத்துவரிடமும் இல்லை.

அந்தக் கருவிக்கான தேவை மருத்துவத்துக்கு வெளியே, கடலடியில் பிறந்தது. சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்ற அறுவை மருத்துவர், மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்யும் ஒரு பொருளைக் கவனித்தார். தபான் மரத்தின் பாலிலிருந்து வரும் கட்டாபெர்ச்சா அது. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். அதன் மாதிரியை அவர் 1843இல் லண்டனுக்கு அனுப்பினார். கத்திப்பிடிக்கு உதவிய அந்தப் பிசின், தண்ணீருக்கடியில் தாமிரக் கம்பியைக் காக்கும் உறையாகவும் ஆகுமென்று விரைவிலேயே தெரிந்தது. 1851இல் இங்கிலாந்தும் பிரான்சும் கடலடிக் கம்பியால் இணைந்தன. 1866இல் அட்லாண்டிக் கடந்து நிலையான தந்தித் தொடர்பு வந்தது. 1870–71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கம்பி போடப்பட்டது. இந்தக் கம்பிகளுக்காகத் தீபகற்பத்தின் தபான் மரங்கள் கணக்கில்லாமல் வெட்டி வீழ்த்தப்பட்டன.

ஆயிரக்கணக்கான மைல் கடலைக் கடந்து வரும் தந்திச் செய்தி மிக மெலிந்துபோய்த்தான் கரை சேரும். அதைப் படிக்க வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1858இல் ஒரு சிறு கண்ணாடி ஒளியைத் திருப்பிக் காட்டும் மின்னோட்டமானியைச் செய்தார். 1867இல், நகரும் காகித நாடாவில் மையால் கோடு இழுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். நகரும் தாள், மேலும் கீழும் அசையும் கோடு: இன்று நம் கையிலிருக்கும் ஈசிஜித் தாளின் சாயல் இந்தத் தந்தி அலுவலகத்தில் தெரிகிறது. 1897இல் பிரான்சின் கிளெமான் அதேர், பறக்கும் இயந்திரம் கட்ட முயன்று பேர்பெற்றவர், காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே மெல்லிய கம்பியைக் கட்டி, அது அசைவதைப் பதியும் தந்திக் கருவி ஒன்றை உருவாக்கினார். இந்தக் கருவி பின்னால் ஒரு தகராறில் சாட்சியாக வந்து நிற்கும்.

இதற்கிடையே மனித இதயத்தின் முதல் பதிவு லண்டனில் நடந்துவிட்டது. 1887இல் செயின்ட் மேரி மருத்துவமனையில் அகஸ்டஸ் வாலர், பாதரசம் நிறைந்த நுண்குழாய் மின்மானியைக் கொண்டு, உடலைத் திறக்காமலே இதயத்தின் மின்சாரத்தைப் பதிவு செய்தார். பாதரசத்தின் அசைவைப் பிடிக்கும் ஒளிப்படத் தகடு ஒரு பொம்மை ரயில் வண்டியில் ஏறி நகர்ந்தது. ஜிம்மி என்ற தம் நாயை அவர் உப்புநீரில் பாதம் வைத்து நிற்கவைத்து ஊரூராக விளக்கிக் காட்டினார். 1909இல் ராயல் சொசைட்டியில் ஜிம்மி நின்ற செய்தி பரவி, நாயைத் துன்புறுத்தினார்களா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. கொஞ்சம் உப்புக் கலந்த தண்ணீரில் நின்றது, அவ்வளவுதான் என்று அமைச்சர் பதில் சொன்னார். வாலர் தம் கண்டுபிடிப்பு மருத்துவமனைகளில் பெரிதாகப் பயன்படும் என்று நம்பவில்லை.

நம்பியவர் வில்லெம் ஐந்தோவன். 1860இல் ஜாவாவின் செமாராங் நகரில் பிறந்தவர். ராணுவ மருத்துவரான தந்தை சிறு வயதிலேயே இறந்துபோக, தாய் ஆறு பிள்ளைகளோடு 1870இல் நெதர்லாந்துக்குத் திரும்பினார். 1889இல் பாசல் நகர மாநாட்டில் வாலரின் விளக்கத்தை நேரில் கண்ட ஐந்தோவன், அந்தக் கோடு இன்னும் தெளிவாக வரவேண்டும் என்று லைடனில் உழைக்கத் தொடங்கினார். அலைகளுக்குப் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று அவர் 1895இல் வைத்த பெயர்களே இன்றும் நிலைத்திருக்கின்றன.

அவருக்குத் தேவைப்பட்டது மயிரினும் மெல்லிய இழை. அதற்கு வழி காட்டியவர் சார்லஸ் வெர்னன் பாய்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர். உருகிய குவார்ட்ஸை அம்பின் நுனியில் ஒட்டி வில்லால் எய்தால், அம்பு பறக்கும் வேகத்தில் அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இழை நீளும். அந்த இழைக்கு வெள்ளிப் பூச்சிட்டு, வலிய மின்காந்தத்தின் நடுவே கட்டினார் ஐந்தோவன். 1901இல் வெளியான இந்தக் கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை கொண்டது. இரண்டு அறைகளை அடைத்தது. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

இத்தனை பெரிய கருவியை நோயாளியிடம் கொண்டுபோக வழியில்லை. ஆய்வகத்துக்கும் லைடன் மருத்துவமனைக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். 1905இல் ஐந்தோவன் தொலைபேசிக் கம்பியை நோயாளியின் கட்டிலிலிருந்து ஆய்வகம் வரை இணைத்தார். இதயத்தின் துடிப்பு தெருக்களைக் கடந்து வந்து இழையில் பதிந்தது. தந்தித் தொழிலிலிருந்து பிறந்த கருவி, தன் முதல் பத்தாண்டிலேயே மறுபடி கம்பிவழிச் செய்தியாயிற்று. இந்தத் தகவல் நூறாண்டு கழித்துக் கோலாலம்பூரில் பொருள் பெறும்.

பிறகு வணிகம். மியூனிக்கின் எடெல்மன் நிறுவனம் கருவியைச் செய்து விற்று, ஒவ்வொன்றுக்கும் ஐந்தோவனுக்கு உரிமைத்தொகை தர ஒப்புக்கொண்டது. விற்பனை கூடியதும், இந்த யோசனை அதேரின் தந்திக் கருவியில் முன்பே இருந்ததே என்று காட்டித் தொகையை நிறுத்திவிட்டது. ஐந்தோவன் கேம்பிரிட்ஜ் பக்கம் திரும்பினார். அங்கே அறிவியல் கருவி நிறுவனத்தை நடத்தியவர் ஹோரஸ் டார்வின், சார்லஸ் டார்வினின் மகன். 1911க்குள் கேம்பிரிட்ஜ் அதை மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருக்கியது. 1924இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதுவரை இந்தக் கருவியின் பெருமை துடிப்பின் தாளக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதில்தான் இருந்தது. லண்டனில் தாமஸ் லூயிஸ் அதைத்தான் படித்தார். ரத்தக்குழாய் அடைப்பு பற்றி மருத்துவர்களிடம் இருந்த எண்ணமே வேறு. இதயத்துக்கு ரத்தம் தரும் கரோனரித் தமனி திடீரென்று அடைத்தால் ஆள் உடனே இறப்பார், பார்க்க ஒன்றுமில்லை என்று கருதினார்கள். சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக் 1912இல் அதை மறுத்தார். அடைப்போடும் பலர் உயிர் பிழைக்கிறார்கள், அவர்களை அடையாளம் காண வேண்டும் என்றார். அவர் சொல்லுக்கு அந்தக் காலத்தில் பெரிய வரவேற்பு இல்லை. அவருடைய தூண்டுதலால் ஃப்ரெட் ஸ்மித் நாய்களின் இதயத் தமனியைக் கட்டிப் பார்த்து 1918இல் ஈசிஜி மாற்றங்களை வெளியிட்டார். 1920இல் நியூயார்க்கின் ஹரால்ட் பார்டீ, மாரடைப்பு வந்த மனிதரின் தாளில் ஆர் அலை இறங்கி முடிவதற்குள்ளேயே டி அலை ஏறத் தொடங்குவதைக் காட்டினார். எஸ், டி அலைகளுக்கு இடைப்பட்ட பகுதியின் உயர்வு, அதாவது எஸ்டி உயர்வு என்று இன்று அவசர சிகிச்சைப் பிரிவே பரபரக்கும் அந்த வடிவம் அப்படித்தான் முதலில் கண்ணில் பட்டது.

ஆனால் கையிலும் காலிலும் மட்டும் கம்பி வைத்தால் இதயத்தின் முன்சுவர் சரியாகத் தெரியவில்லை. 1930களில் மின்முனைகள் மார்புக்கு வந்தன. 1938இல் அமெரிக்க, பிரிட்டிஷ் இதயச் சங்கங்கள் மார்பில் ஆறு இடங்களை வரையறுத்தன. 1942இல் இமானுவேல் கோல்ட்பெர்கர் மூன்று புதிய கோணங்களைச் சேர்க்க, பன்னிரண்டு ஆயிற்று. கோவிலைச் சுற்றிவந்து எல்லாப் பக்கமும் கோபுரம் பார்ப்பது போல, ஒரே இதயத்தைப் பன்னிரண்டு பக்கமிருந்து பார்க்க முடிந்தது. எந்தப் பக்கத்துக் கோடு உயர்கிறதோ, அந்தப் பக்கத்துக்கு ரத்தம் தரும் குழாய்மேல் சந்தேகம் விழும்.

மார்பில் பிடித்து நிற்க ரப்பர் குமிழ் வைத்த உறிஞ்சு கிண்ணங்கள் வந்ததும் அந்த 1930களில்தான். உலகத்தின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து போன காலம் அது. தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தந்திக்குத் தபான் மரம் பால் தந்தது. மருத்துவமனைக்குப் பால்மரம் தந்தது. இரண்டும் இந்த மண்ணிலிருந்து போனவை.

அடைப்பு எவ்வளவு என்ற கேள்வி மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. தாளில் தெரிவது தசை படும் பாடு. குழாய்க்குள் என்ன இருக்கிறதென்பதை இறந்தபின்தான் பார்க்க முடிந்தது. அதை மாற்றியது ஒரு விபத்து. 1958 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளியின் பெருந்தமனியில் சாயம் செலுத்தவிருந்தார். வடிகுழாயின் நுனி நழுவி வலது கரோனரித் தமனிக்குள் போய்விட்டது. சாயம் அதற்குள் பாய்ந்தது. இதயம் சில விநாடி நின்றது. சோன்ஸ் அவரை இருமச் சொன்னார். இருமினார், துடிப்பு திரும்பியது. உயிரைப் போக்கும் என்று அஞ்சியிருந்த காரியம் இதயத் தமனியைப் படம்பிடிக்கும் வழியாயிற்று. ஆஞ்சியோகிராம் என்று நாம் சொல்வது அந்த நாளில் பிறந்தது. ஈசிஜியின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க முதன்முறையாக உயிருள்ள மனிதரின் குழாய்ப்படம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 1959இல், நம் பகுதியிலிருந்து ஒரு முக்கியமான ஆய்வு அமெரிக்க இதய இதழில் வந்தது. அதை நடத்தியவர் டி. ஜே. தனராஜ், சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர். பின்னாளில் கோலாலம்பூரில் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் தலைவர். சிங்கப்பூரில் 1950 முதல் 1954 வரை நடந்த 9,568 பிரேதப் பரிசோதனைகளின் குறிப்புகளை அவரும் குழுவினரும் அலசினார்கள். கரோனரி நோய் சீனரைவிட இந்தியரிடம் ஏறத்தாழ ஏழு மடங்கு காணப்பட்டது. கடல் கடந்து வாழும் தெற்காசியரின் இதயத்துக்கு ஆபத்து கூடுதல் என்று பின்னாளில் பல நாடுகள் கண்டதை, முதலில் எண்ணிக்கையோடு சொன்ன ஆய்வுகளில் அது ஒன்று. 2006 முதல் மலேசியா நடத்திவரும் தேசிய இதய நோய்ப் பதிவேட்டிலும் அதே குரல் கேட்கிறது. மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ ஏழு விழுக்காடுதான். மாரடைப்போடு வருகிறவர்களில் அவர்களின் பங்கு அதைவிட மிக அதிகம். எல்லா இனத்தாரையும் சேர்த்தே, மாரடைப்பு வருகிறவர்களின் சராசரி வயது இந்த நாட்டில் 60ஐ எட்டவில்லை.

படுத்திருக்கும்போது எடுத்த தாள் பல நேரம் நல்லபடியாகவே இருக்கும். குழாய் பாதிக்குமேல் சுருங்கியிருந்தாலும் ஓய்வில் இருக்கும் இதயத்துக்கு வருகிற ரத்தம் போதும். வேலை கொடுத்தால்தான் குறை தெரியும். ஆர்தர் மாஸ்டர் 1929லேயே நோயாளிகளை இரண்டு படிகளில் ஏறி இறங்கச் சொன்னார். 1963இல் சியாட்டிலின் ராபர்ட் புரூஸ், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும் டிரெட்மில் முறையை வகுத்தார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெட்டாலிங் ஜெயா வரை இன்று 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்' என்று ஓடவைப்பது பெரும்பாலும் அவருடைய முறைப்படிதான். எஸ்டி பகுதி ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கீழே இறங்கினால் மருத்துவர் புருவம் சுருங்கும்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் அந்த இறக்கத்தை ஒரு கணக்காகவே ஆக்கினார்கள். ஓடிய நிமிடங்களிலிருந்து, எஸ்டி மாறிய மில்லிமீட்டரின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். ஓடும்போது நெஞ்சுவலி வந்தால் நான்கு, அந்த வலியாலேயே நிறுத்த நேர்ந்தால் எட்டு கழிக்க வேண்டும். ஒன்பது நிமிடம் ஓடி, மாற்றமும் வலியும் இல்லாதவருக்கு மதிப்பு 9. அவர் பயப்பட வேண்டாத கூட்டத்தில் சேர்கிறார். நான்கு நிமிடத்தில் இரண்டு மில்லிமீட்டர் இறக்கத்தோடு வலியால் நின்றவருக்கு மதிப்பு கழித்தல் 14. அவருக்கு ஆஞ்சியோகிராம் தள்ளிப்போடக் கூடாதது. 1991இல் அவர்கள் வெளியிட்ட முடிவில், நல்ல மதிப்புப் பெற்றவர்களில் நான்கு ஆண்டு கழித்து உயிருடன் இருந்தவர்கள் 99 விழுக்காடு. மோசமான மதிப்புப் பெற்றவர்களில் 79 விழுக்காடு. நெஞ்சில் ஒட்டிய கம்பியும் ஓடும் பட்டையும் சேர்ந்து, கத்தியில்லாமல் இவ்வளவு சொல்லிவிடுகின்றன.

வலி நின்றபின் எடுத்த தாளும் பேசும். நெதர்லாந்தின் ஹைன் வெலன்ஸ் குழுவினர் 1982இல், நிலையற்ற நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் சேர்ந்த 145 பேரில் 26 பேரின் தாளில் மார்பின் முன்பக்க டி அலை தலைகீழாகியிருப்பதைக் கண்டார்கள். அப்போது அவர்களுக்கு வலியில்லை, பார்க்க நலமாகவும் இருந்தார்கள். அறுவை செய்யாத 16 பேரில் 12 பேருக்குச் சில வாரங்களில் பெரிய மாரடைப்பு வந்தது. முன்சுவருக்கு ரத்தம் தரும் பெரிய குழாயின் தொடக்கத்திலேயே கடும் சுருக்கம் இருந்ததைத்தான் அந்த டி அலை சொல்லியிருந்தது. பல கோணங்களில் எஸ்டி இறங்கி, யாரும் அதிகம் பார்க்காத ஏவிஆர் கோணத்தில் மட்டும் உயர்ந்தால், இடது முதன்மைக் குழாயிலோ மூன்று குழாய்களிலுமோ கோளாறு இருக்கலாம் என்பதும் இப்படி ஒப்பிட்டுக் கற்றதுதான்.

மலேசியாவில் இந்த அறிவு நிறுவனமாக வேரூன்றியதிலும் ஒரு மாரடைப்புக்குப் பங்குண்டு. 1989 ஜனவரியில் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீருக்கு மாரடைப்பு வந்தபோது, வெளிநாடு போகாமல் கோலாலம்பூர் மருத்துவமனையிலேயே டாக்டர் யஹ்யா அவாங் கையால் பைபாஸ் செய்துகொண்டார். 1992இல் தேசிய இருதயக் கழகம், மக்கள் வாயில் ஐஜேஎன், தொடங்கியது.

கருவி சுருங்கிக்கொண்டே வந்தது. 2000களின் பிற்பகுதியில் ஜிஇ நிறுவனத்தின் பெங்களூர் பொறியாளர்கள், மின்சாரம் நிலையில்லாத ஊர்களுக்கென்று பேட்டரியில் ஓடும் சிறு ஈசிஜி இயந்திரம் ஒன்றைச் செய்தார்கள். விலை உயர்ந்த அச்சுப்பொறிக்குப் பதிலாக, இந்தியப் பேருந்துச் சீட்டு அச்சிடும் கருவியின் பொறியை எடுத்துப் பொருத்தினார்கள். இரண்டு அறையை அடைத்தது தோளில் தொங்கும் பையாயிற்று.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தத் தாள் மறுபடி செய்தியாகப் பயணம் செய்கிறது. ஒரு மருத்துவமனையில் எடுத்த ஈசிஜி, கைபேசிப் படமாக, குழாயைத் திறக்கும் வசதியுள்ள செர்டாங் மருத்துவமனை, ஐஜேஎன் போன்ற மையங்களின் மருத்துவருக்குப் போகிறது. நோயாளி ஆம்புலன்ஸில் வருமுன் சிகிச்சைக் குழு தயாராகிறது. ஐந்தோவன் 1905இல் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைபேசிக் கம்பியில் செய்த அதே காரியம்தான் இது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட நெறி. அடைத்த குழாயைத் திறக்கத் தாமதமாக ஆக, காப்பாற்றக்கூடிய தசை செத்துக்கொண்டே போகும்.

இத்தனை நூற்றாண்டு உழைப்பில் அந்தத் தாள் கற்றுக்கொண்டதைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று துலங்குகிறது. அது சொல்வது எடுத்த நேரத்தைப் பொறுத்தது. ஓய்வில் எடுத்த நல்ல தாள், குழாய் சுத்தம் என்பதற்குச் சான்றிதழ் ஆகாது. மாரடைப்பு வந்த முதல் சில நிமிடங்களிலும் அது சரியாக இருப்பது போலத் தோன்றலாம். இதயத்தின் பின்சுவருக்குப் போகும் குழாய் அடைத்தால் வழக்கமான பன்னிரண்டு கோணங்களில் தெரியாமலும் போகலாம். அதனால்தான் மருத்துவர் மீண்டும் மீண்டும் எடுக்கச் சொல்கிறார். வலிக்கும்போது எடுத்தால் அது அதிகம் பேசும். ஓடும்போது எடுத்தால் பேசும். பழைய தாளோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகப் பேசும்.

ஆகவே பழைய ஈசிஜியைத் தூக்கிப்போடாதீர்கள். கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ வந்தால், வாயு என்று சொல்லிப் பூண்டுக் கஷாயம் வைத்துக் காத்திருக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவருக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம். நம் சமூகத்தில் நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பதால் இதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். 999ஐ அழையுங்கள். அந்தத் தாள் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு நாம் நேரத்தோடு போய்ச் சேர்ந்தால் போதும்.